வாசகர் கேள்வி: மாலா தர்ஞாவின் பூசணத் திராட்சை

சென்ற இதழில் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் மாலா தர்ஞா என்ற சின்னஞ்சிறு ஒயின் கிராமத்தைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஊர்ப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? அந்த ஊரின் வரலாற்றை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
வாசகர், பள்ளத்தூர்

'மாலா' என்றால் சின்ன. பக்கத்திலேயே 'வெல்கா தர்ஞா', அதாவது பெரிய தர்ஞாவும் இருக்கிறது. 'தர்ஞா' என்று நாம் எழுதுவது ஒரு சமாளிப்புதான். ஸ்லோவாக் மொழியில் 'த்'துக்கும் 'ர்'ருக்கும் நடுவில் உயிரெழுத்தே கிடையாது. 'ர்' என்ற மெய்யையே நீட்டிச் சொல்வார்கள். ஹங்கேரியர்கள் இதே ஊரைக் 'கிஷ்தோரொன்யா' என்கிறார்கள். அந்த வட்டாரத்தில் இரண்டு மொழிகளும் புழங்குவதால் ஊர்களுக்கும் இரண்டிரண்டு பெயர்கள்.

ஸ்லோவாக்கியாவின் தென்கிழக்கு மூலையில், ஹங்கேரி எல்லையை ஒட்டி, ட்ரெபிஷோவ் மாவட்டத்தில் இருக்கிறது. ஊரில் சில நூறு பேர்தான். ஒயினுக்குப் பேர்போன டோகாய் வட்டாரத்தின் ஸ்லோவாக்கியப் பகுதியில் ஏழு ஊர்கள் வருகின்றன: மாலா தர்ஞா, வெல்கா தர்ஞா, வினிச்கி, செர்ஹோவ், செர்னோகோவ், பாரா, ஸ்லொவென்ஸ்கே நொவே மெஸ்தோ. வினிச்கி என்ற பெயரிலேயே திராட்சைக்கொடி இருக்கிறது.

டோகாய் வட்டாரத்துக்கு 1737-இல் அரச ஆணையின் பேரில் எல்லை வகுத்தார்கள். இன்ன ஊரில் விளைந்ததற்குத்தான் இந்தப் பெயர் என்று வரையறுத்த ஏற்பாடுகளில், உலக அளவிலேயே இது மிகப் பழையவற்றுள் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது இந்தச் சரிவுகளும் தப்பவில்லை. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டங்களை மீட்டார்கள். இன்றும் நடுவது ஒட்டுக்கன்றுதான். குளிரிலிருந்து காக்கக் கன்றின் அடியில் மண் அணைத்தால், வசந்தத்தில் அந்த மண்ணைத் தள்ளிவிட மறக்கக் கூடாது. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குள் மூழ்கிக் கிடந்தால் மேல்கொடி சொந்தமாக வேர்விடும். அந்த வேரை வேர்ப்பேன் பிடித்துக்கொள்ளும், ஒட்டுக்கட்டியதன் பலன் போய்விடும்.

ஊரின் தலையெழுத்தை மாற்றிய ஆண்டு 1920. முதல் உலகப்போருக்குப் பின் கையெழுத்தான த்ரியானோன் ஒப்பந்தம் டோகாய் வட்டாரத்தை இரண்டாகப் பிரித்தது. பெரும்பகுதி ஹங்கேரியில் நின்றது. வடக்கு ஓரத்துச் சரிவுகள் புதிய செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின. ரொன்யாவா என்ற சின்ன ஓடை எல்லையானது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஷாதோரல்யாஉய்ஹெய் நகரம். அதன் ரயில் நிலையப் பகுதிதான் இந்தப் பக்கத்து ஸ்லொவென்ஸ்கே நொவே மெஸ்தோ. ஒரே ஊராக இருந்தது இரண்டு நாட்டு ஊர்களாயிற்று. பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியில் தோட்டங்கள் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கப்பட்டன. குடும்பங்கள் மறுபடி சொந்தப் பெயரில் ஒயின் விற்கத் தொடங்கியது 1989-க்குப் பிறகுதான்.

நார்த்தங்காய் ஜாடியில் பூசணம் பூத்தால் ஜாடியோடு கொட்டிவிடுவோம். அந்த ஊரில் பூசணம் பிடித்த திராட்சையைத் தேடிப் பறிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்?
வாசகி, தேவகோட்டை

நீங்கள் கொட்டுவது சரிதான் ஆச்சி, அதை மாற்ற வேண்டாம். அங்கே பிடிப்பது வேறு பூசணம். அதிலும் அது நல்லதாக முடிவதும் கெட்டதாக முடிவதும் அந்த ஆண்டின் வானிலையைப் பொறுத்தது.

அதன் பெயர் பொட்ரைடிஸ் சினேரியா. நன்றாகப் பழுத்து, தோல் கிழியாமல் இருக்கும் பழத்தின் மேல் இது படர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் தோலில் போடும். பழம் வெடிக்காது, ஒழுகாது. அந்தத் துளைகள் வழியே உள்ளிருக்கும் தண்ணீர் மட்டும் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகும். சர்க்கரையும் புளிப்பும் உள்ளே தங்கிச் செறியும். உப்பு நார்த்தங்காயை வெயில் சுண்ட வைப்பது போல இங்கே பூசணம் சுண்ட வைக்கிறது. கூடவே கிளிசரின் போன்ற வழுவழுப்பான பொருள்களும் சேரும். தேன், உலர்ந்த பாதாமிப்பழ வாசனை வரும்.

பழத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் படிகள் தெரியும். முதலில் பொன்னிறப் பழத்தில் ஊதா கலந்த தவிட்டுப் புள்ளி. பிறகு பழம் முழுவதும் சாக்லேட் நிறம், தோல் மட்டும் இன்னும் விறைப்பாக இருக்கும். கடைசியில் சுருங்கி, மேலே சாம்பல் பூத்து, பழைய உலர் திராட்சை மாதிரி ஆகும். இந்தக் கடைசி நிலைக்குத்தான் 'சிபேபா' என்று பெயர்.

இதற்கு வானிலை ஒத்துழைக்க வேண்டும். காலையில் மூடுபனி, பத்து பதினொரு மணிக்கு மேல் வெயிலும் காற்றும். ஆற்றுப் பக்கத்துத் தாழ்நிலங்களிலிருந்து பனி எழும்புகிறது. தெற்குப் பார்த்த சரிவு மத்தியானத்தில் அதைக் காய வைக்கிறது. அக்டோபரில் இப்படி மூன்று நான்கு வாரம் நடந்தால் ஊருக்கு நல்ல ஆண்டு. மழை விடாமல் பெய்தால் அதே பூசணம் சாம்பல் அழுகலாக மாறிவிடும்: பழம் வெடிக்கும், சாறு ஒழுகும், காடி ஆக்கும் பாக்டீரியா புகும். குளவி குத்தின பழமும் குருவி கொத்தின பழமும் இதே கதிதான். அதனால் பறிப்பவர்கள் கண்ணைவிட மூக்கை நம்புவார்கள். கொத்தை முகர்ந்தால் காளான் வாசனையோ தேன் வாசனையோ வந்தால் கூடைக்கு, காடி நெடி வந்தால் மண்ணுக்கு. கெட்ட பழம் கொஞ்சம் கலந்தாலும், அழுகலில் ஊறும் லாக்கேஸ் என்ற நொதி காற்றுப் பட்டதும் சாற்றைத் தவிட்டு நிறமாக்கும். பூசணமே சரியாகப் பிடிக்காத ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டு இந்த வகை ஒயினே கிடையாது.

பழ வகையும் முக்கியம். பெரும்பங்கு ஃபுர்மின்ட், தாமதமாகப் பழுக்கும், எவ்வளவு சுண்டினாலும் புளிப்பு குறையாது. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் கடைசியில் கிடைப்பது வெறும் பாகு. அடுத்தது லிபோவினா, வாசனைக்கு. மூன்றாவது மஞ்சள் மஸ்கட், கொஞ்சமாக.

'மூன்று புத்னா', 'ஆறு புத்னா' என்பது என்ன கணக்கு? செய்முறையை அளவோடு சொல்லுங்கள்.
வாசகர், காரைக்குடி

புத்னா என்பது முதுகில் மாட்டும் மரத்தொட்டி. சுமார் 25 கிலோ சிபேபா பிடிக்கும். இன்னொரு அளவு, ஹங்கேரியின் கோன்ட்ஸ் என்ற ஊரின் பெயரால் வழங்கும் 136 லிட்டர் பீப்பாய். ஒரு பீப்பாய்ச் சாற்றில் அல்லது ஒயினில் எத்தனை தொட்டிப் பழம் போட்டார்கள் என்பதுதான் அந்த எண். ஆறு புத்னா என்றால் 136 லிட்டருக்கு 150 கிலோ. பழங்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். ஒரு நாளில் ஒருவர் பத்துக் கிலோ சேர்ப்பதே பெரிய காரியம். ஒரு பீப்பாய்க்குப் பதினைந்து ஆள் நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தொட்டிக் கணக்கை நேராகப் பார்ப்பதில்லை, லிட்டருக்கு எஞ்சும் சர்க்கரையை அளந்து சொல்கிறார்கள்: மூன்றுக்கு 60 கிராம், நான்குக்கு 90, ஐந்துக்கு 120, ஆறுக்கு 150.

பறித்த சிபேபாவைத் தொட்டியில் குவித்து வைத்தாலே, தன் கனத்தில் நசுங்கி அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் சாறு வடியும். அதைத் தனியாக எடுத்துவிடுவார்கள். அதுதான் எசென்சியா, லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஈஸ்ட்டே திணறும் அடர்த்தி அது. பல ஆண்டு நொதித்தாலும் சாராயச் சத்து மிகக் குறைவாகவே ஏறும்.

மிச்சப் பழத்தைக் கூழாக மசிக்க வேண்டும். முற்காலத்தில் காலால் மிதித்தார்கள், இப்போது மெதுவாக நசுக்கும் இயந்திரம். கொட்டை உடையக் கூடாது. உடைந்தால் ஒயின் முழுவதும் கசக்கும், பிறகு எதனாலும் அதை எடுக்க முடியாது. கூழின் மேல் அதே ஆண்டின் சாற்றையோ ஒயினையோ ஊற்றி ஒன்று முதல் இரண்டு நாள் ஊற வைத்து, அவ்வப்போது கிளறுவார்கள். குறைவாக ஊறினால் சர்க்கரை முழுதாக இறங்காது, நாள் கடந்தால் தோலின் துவர்ப்பு இறங்கிவிடும். பிறகு மெதுவாகப் பிழிந்து பீப்பாய்க்கு.

பிழிந்த சக்கையை எறிவதில்லை. தேங்காய்ச் சக்கையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் பால் எடுப்போமே, அதே போல் சக்கையில் மறுபடி சாறு ஊற்றிப் பிழிகிறார்கள். அதற்கு 'ஃபோர்திதாஷ்' என்று பெயர். பீப்பாயின் அடியில் தங்கும் வண்டலில் ஊற்றி எடுப்பது 'மாஷ்லாஷ்'. சிபேபாவைத் தனியே பிரிக்காமல் கொத்தோடு பிழிவது 'சமோரொட்னே', 'தானாகப் பிறந்தது' என்று பொருள். பழம் அதிகம் சுண்டிய ஆண்டில் அது இனிக்கும், இல்லாவிட்டால் இனிப்பில்லாமல் முடியும்.

புத்னா வகைக்குக் குறைந்தது மூன்று ஆண்டு முதிர்ச்சி வேண்டும், அதில் இரண்டு ஆண்டு மரப்பீப்பாயில். பெரும்பாலும் அரை லிட்டர் கண்ணாடிப் புட்டியில்தான் விற்பனை.

பதநீர் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். கள் இரண்டு நாள் போனால் காடியாகிவிடும். இந்த ஒயின் மட்டும் எப்படிப் பல ஆண்டு இனிப்பாகவே இருக்கிறது?
வாசகர், கானாடுகாத்தான்

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சுண்ணாம்பு பதநீரைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோய் ஈஸ்ட்டை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஒயினின் உயிரே புளிப்பு என்பதால் அங்கே சுண்ணாம்பு உதவாது. அதற்குப் பதில் மூன்று காவல்கள்.

முதல் காவல் சர்க்கரையே. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீதம் சாராயச் சத்து. இவ்வளவு செறிந்த சாற்றில் ஈஸ்ட்டின் உடலிலிருந்தே நீர் உறிஞ்சப்படும். சர்க்கரையின் நெருக்கடி ஒரு பக்கம், ஏறிவரும் சாராயம் இன்னொரு பக்கம். பாதி வழியிலேயே ஈஸ்ட் ஓய்ந்துவிடுகிறது, மீதிச் சர்க்கரை அப்படியே நிற்கிறது. இரண்டாவது காவல் நிலவறையின் குளிர். நம் கள் ஒரு நாளில் முடிக்கும் வேலைக்கு அங்கே மாதக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது காவல் கந்தகம். காலிப் பீப்பாய்க்குள் கந்தகத் திரியைக் கொளுத்தித் தொங்கவிட்டு வாயை மூடுவார்கள். சில கிராம் போதும். அந்தப் புகை ஈரமான பலகையில் கரைந்து காடிக் கிருமியைக் கொல்லும். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். எரியாத கந்தகம் உருகிப் பீப்பாயின் அடியில் சொட்டிவிட்டால், அடுத்து ஊற்றும் சாற்றில் ஈஸ்ட் அதை அழுகிய முட்டை நாற்றமாக மாற்றிவிடும். திரிக்கு அடியில் சிறு தகரக் கிண்ணம் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. பீப்பாயைக் காலியாக வெகுநாள் போடுவதும் கெடுதல். பலகை காய்ந்து சுருங்கி, இடுக்கு விடும். வெந்நீர் ஊற்றி ஊற வைத்தால் உப்பி மூடிக்கொள்ளும். காடி நெடி ஏறிய பீப்பாயை மட்டும் எந்த வெந்நீராலும் மீட்க முடியாது.

காடியாக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும் என்பதால் பீப்பாயை நிறைத்து வைப்பது பொது விதி. இனிப்பில்லாத சமோரொட்னேவுக்கு மட்டும் பழைய வழக்கப்படி வேண்டுமென்றே கொஞ்சம் இடம் விடுவார்கள். மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்து அதுவே காவலாகும். வாதுமை வாசனையும் வரும்.

பாறையில் குடைந்த நிலவறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாங்கட்டில் அப்படி ஒன்று தோண்டினால் அரிசி, எண்ணெய் எல்லாம் குளுமையாக வைக்கலாமா? அங்கே சுவரில் இருக்கும் கறுப்புப் பூசணம் கெடுதல் இல்லையா?
வாசகர், கோட்டையூர்

குளுமை கிடைக்காது. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். அங்கே அது பத்து டிகிரி அளவு. காரைக்குடிப் பக்கம் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். கிணற்றுத் தண்ணீர் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் சித்திரையில் குளுமையாகவும் படுவது இதனால்தான். மாறுவது தண்ணீர் இல்லை, வெளிக்காற்று. தோண்டினால் ஈரமும் புழுக்கமும்தான் மிஞ்சும். நம் வீடுகளுக்கு வளவின் திறப்பும், உயர்ந்த கூரையும், சுண்ணாம்புப் பூச்சும்தான் ஏற்ற வழி. அதை இடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே குடைந்திருப்பது டஃப் என்ற எரிமலைச் சாம்பல் பாறை. உளிக்கு இணங்கும், ஆனால் தாங்குமானம் உண்டு. அதனால் செங்கல் வளைவே இல்லாமல் குடைய முடிந்தது. உளித்தடம் இன்றும் சுவரில் தெரிகிறது. துருக்கியர் படையெடுப்புக் காலத்தில் ஒளியவும் ஒயினை ஒளிக்கவும் குடைந்தவை என்று சொல்வார்கள். உள்ளே எப்போதும் 10 முதல் 12 டிகிரி, ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி.

அந்தக் கறுப்புப் பூசணத்துக்கு சாஸ்மிடியம் செல்லாரே என்று பெயர். தொட்டால் பஞ்சு மெத்தை போல அமுங்கும். பீப்பாய்ப் பலகை வழியே கசியும் சாராய ஆவியைத் தின்று வாழ்கிறது. அதனால் சாராய ஆவி இருக்கும் இடத்தில்தான் செழிக்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுச் சுவரில் வருவது வேறு. அதைச் சுரண்டி, கசிவை அடைத்து, சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அங்கே இதைச் சுரண்டுவதில்லை. முக்கியமாகக் குளோரின் கலந்த பிளீச்சிங் பவுடர் நிலவறைக்குள் போகவே கூடாது. குளோரினும் பூசணமும் மரமும் சேர்ந்தால் உண்டாகும் ஒரு வேதிப்பொருள் ஈர அட்டை நாற்றம் அடிக்கும். மிகச் சிறு அளவே ஒயினைப் பாழாக்கப் போதும்.

ஆபத்து பூசணத்தில் இல்லை, வாயுவில்தான். இனிப்பான ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிய ஏறத்தாழ ஐம்பது லிட்டர் கரியமில வாயு வெளிவரும். அது காற்றைவிடக் கனம்; தரையோடு தேங்கும். நாம் பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது போல அங்கே மெழுகுவர்த்தியைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆனால் சுடர் அணையும் அளவு வாயு சேர்ந்திருந்தால் அதற்குள் மனிதனுக்கும் ஆபத்து வந்துவிட்டது என்று பொருள். அளவுமானியும் காற்றுப்போக்கியும்தான் இன்றைக்குச் சரி. நம் பக்கம் கிணறு தூர் வாருகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மயங்கி விழுந்தவரைத் தூக்கப் பாதுகாப்பின்றிக் குதிப்பவர் இரண்டாவது பலியாகிறார்.

'டோகாய்' என்ற பெயருக்கு இரண்டு நாடுகளும் ஏன் மல்லுக்கு நின்றன?
வாசகி, ஆத்தங்குடி

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்யும் இடம் வட்டாரத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பெயர். நாளைக்கு வட்டாரத்தின் நடுவே ஒரு நாட்டெல்லை வந்தால், எல்லைக்கு அப்பால் இருக்கும் தறிக்காரர் என்ன பெயரில் விற்பார்? இதுதான் மாலா தர்ஞாவுக்கு நடந்தது. பெயரின் பெரும் உரிமை தங்களுடையது என்றது ஹங்கேரி. சரிவும் பாறையும் பழமும் எல்லை பார்த்து மாறவில்லை என்றது ஸ்லோவாக்கியா. ஸ்லோவாக்கியப் பகுதியின் பரப்பு எவ்வளவு என்பதிலும் தகராறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவேட்டில் ஸ்லோவாக்கியப் பெயர் இருந்ததை எதிர்த்து ஹங்கேரி தொடுத்த வழக்கை 2012-இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் ஏற்கவில்லை. யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது ஹங்கேரியப் பகுதியை மட்டும்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நிலவறைகளுக்கும் அந்தக் கவனம் கிடைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கம்பம் பன்னீர் திராட்சையில் இதைச் செய்து பார்க்கலாமா?
வாசகர், புதுவயல்

வேண்டாம். முதல் காரணம் சட்டம்: தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். இரண்டாவது, பழமும் பருவமும். இங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை, கவாத்து செய்து ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிறோம். பழத்தைக் கொடியிலேயே விட்டுச் சுண்ட வைக்கும் குளிர்ந்த வறண்ட இலையுதிர்காலமும் இல்லை. நம் வெப்பத்தில் அழுகல் நேராகக் காடிக்குத்தான் போகும். பன்னீர் திராட்சை சாறாகவும் பழமாகவும்தான் அழகு.

இந்த ஒயின் உடம்புக்கு மருந்து என்கிறார்களே?
வாசகர், கண்டனூர்

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மருந்துக்கடைகளில் விற்றார்கள், உண்மைதான். ஆறு புத்னா ஒயின் அரை லிட்டரில் 75 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதற்கு மேல் சாராயமும். மருந்து என்று எண்ண வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மகன் போலந்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது அந்த ஊருக்கும் போய்வர முடியுமா?
வாசகி, கொத்தமங்கலம்

முடியும் ஆச்சி. இரண்டு நாடுகளும் ஷெங்கன் விசாவில் அடங்கியவை, தனி விசா வேண்டாம். ஸ்லோவாக்கியாவில் யூரோதான் செல்லும், போலந்துக் காசு செல்லாது. கோஷிட்சே நகரம் வரை போய், அங்கிருந்து ஸ்லொவென்ஸ்கே நொவே மெஸ்தோ பக்கம் ரயிலில் போகலாம். அக்டோபர் கடைசி வாரம் போனால் கொடியிலேயே சிபேபாவைப் பார்க்கலாம். அறுவடை மும்முரத்தில் நிலவறையைத் திறந்து காட்ட ஆள் இருக்காது என்பதால், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஊருக்கு வெளியே தோட்டங்களுக்கு நடுவில் பீப்பாய் வடிவில் ஒரு பார்வைக் கோபுரம் உண்டு. அதிலேறினால் இரண்டு நாட்டுச் சரிவுகளும் தெரியும். குடிக்காதவர்களும் நிலவறைக்குள் தாராளமாகப் போகலாம். வெளியே வெயில் அடித்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம், வாசலில் குனிந்து போக வேண்டும், படி வழுக்கும். சுவரின் கறுப்புப் பஞ்சில் நாணயங்கள் பதிந்திருப்பதைப் பார்த்தால் வியக்க வேண்டாம். வந்தவர்கள் அழுத்திவிட்டுப் போனவை, மேலே பூசணம் படர்ந்து மெல்ல மெல்ல அவற்றை மூடிக்கொண்டிருக்கும்.